180 மைக்ரான் காட்டுகிறது, வாட்டர் பேப்பர் போடலாமா?

குளச்சலிலிருந்து ஒரு கேள்வி, 9 ஜூன்

எங்கள் பாட்டாவின் (தாத்தாவின்) 1972 அம்பாசடர், மார்க் 2, வெள்ளை. துருப்பிடித்த இடமெல்லாம் வெட்டி எறிந்து, தகடு வைத்து, முழுசாகப் பெயிண்ட் அடித்தாயிற்று. கிளியர், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு, அடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பளபளப்பு இருக்கிறது, ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தால் ஆரஞ்ச் பீல், ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம். பெயிண்டின் தடிமன் அளக்கும் ஒரு மீட்டர் வாங்கி பானட்டில் வைத்தேன். 180 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கம்பெனி பெயிண்டே 100லிருந்து 150க்குள்தான் என்கிறார்கள். அப்படியென்றால் எனக்கு 30க்கு மேல் உபரி. ஆரஞ்ச் பீல் போக 1500 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; நம்பர் கூடக் கூட நைசு) தாராளமாகப் போடலாம்தானே அண்ணாச்சி?

9 ஜூன், இரவு

இப்போதைக்குப் பேப்பரைத் தொடாதீங்க தம்பி.

மீட்டர் காட்டும் 180, தகட்டிலிருந்து மேல்பரப்பு வரை உள்ள எல்லாம் சேர்ந்தது. தகட்டின் மேல் முதலில் அடிக்கும் எபாக்சி பிரைமர், அதன் மேல் தேய்த்துச் சமப்படுத்தும் சர்பேசர், நிறம், கிளியர் எல்லாம் அதில் அடக்கம். நடுவில் பள்ளம் நிரப்பும் பட்டி இருந்தால் அதுவும் சேர்த்தி. கூட்டுக் குடும்பத்துச் சொத்து மாதிரிதான்: மொத்தத்தைப் பார்த்தால் பெரிசாகத் தெரியும், உங்கள் பங்கு மேல்மாடி மட்டும். பேப்பர் தின்னப்போவது கிளியரை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எபாக்சி 40, தேய்த்து முடித்த சர்பேசர் 70, நிறம் 20, கிளியர் 50. கூட்டினால் 180. பெயிண்டர் சர்பேசரைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, கிளியரில் சிக்கனம் பார்த்திருந்தால்? எபாக்சி 45, சர்பேசர் 85, நிறம் 25, கிளியர் 25. அதுவும் 180தான். முதல் வண்டியில் 10 மைக்ரான் எடுத்தால் ஒன்றும் ஆகாது. இரண்டாவது வண்டியில் அதே 10ஐ எடுத்தால் மிச்சம் 15. வெயிலைத் தடுக்கும் மருந்து கிளியரோடு கலந்தேதான் வருகிறது. கிளியர் மெலிந்தால் அதுவும் குறையும். அப்புறம் குளச்சல் வெயிலில் பானட் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி பெயிண்டோடு ஒப்பிடுவதும் உதவாது. இப்போதைய கம்பெனிகளில் பாடியை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, 20 மைக்ரான் அளவில் முதல் பிரைமரை ஏற்றுகிறார்கள். மெலிசாகவும் சமமாகவும் வரும். கையால் அடிக்கும் பட்டறையில் அது நடக்காது. அங்கே அடித்தளம் எப்போதும் தடிமன்தான். உங்கள் 30 உபரி, அநேகமாக சர்பேசரில் கிடக்கிறது.

10 ஜூன்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. பெயிண்டரிடம் கேட்டீர்களா? எத்தனை கோட் கிளியர், எந்தெந்த இடத்தில் பட்டி, பழைய பெயிண்டை முழுசாக எடுத்தாரா, இல்லை அதன் மேலேயே ஏற்றினாரா? மீட்டர் சொல்லாததை அவர்தான் சொல்ல முடியும்.

என் பழைய பத்மினி காருக்கு நான் செய்தது வேறு. அடிக்கும்போதே அளந்தேன். வெறும் தகட்டில் வைத்துச் சுழியம் பார்த்தேன். சர்பேசரைத் தேய்த்து முடித்ததும் ஒவ்வொரு பாகத்திலும் அளந்து நோட்டில் எழுதினேன். நிறம் அடித்த பிறகு மட்டும் வண்டியில் மீட்டரை வைக்கவில்லை. கிளியருக்கு முன்னால் நிறத்தின் மேல் கைப்பிசுக்கு பட்டால் அது கடைசி வரை தெரியும். அதற்குப் பதிலாக ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) ஒரு பழைய பெண்டர் (மட்கார்டு) கிடைத்தது; அதிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குத் தகடு வெட்டி, அதற்கும் வண்டியோடு சேர்த்தே பிரைமரும் நிறமும் அடித்தோம். அளக்கிற தகடு அதுதான். அப்புறம் அதை பானட்டுக்குப் பக்கத்தில் மாஸ்கிங் பேப்பரின் மேல் ஒட்டிவிட்டுக் கிளியர் அடிக்கச் சொன்னேன். காய்ந்ததும் மறுபடி அளந்து முந்தையதைக் கழித்தால் கிளியர் மட்டும்: 58.

தகடு சொல்வது தகட்டில் விழுந்ததைத்தான், அதுவும் நினைவிருக்கட்டும். பானட்டை நேராக நின்று அடிக்கும் கை, கதவின் அடிப்பாகத்துக்குக் குனியும்போது வேறு மாதிரி ஓடும்.

10 ஜூன், மாலை

"முடிந்துபோன வண்டிக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று தம்பி கேட்கிறார். சரி, நியாயமான கேள்வி.

அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் அல்ட்ராசானிக் மீட்டர் இருக்கிறது. விலையைக் கேட்டால் வண்டியை விற்றுவிட்டு மீட்டரை வைத்துக்கொள்ளத் தோன்றும். அதை விடுங்கள்.

ஏழை வழி: கண்ணில் படாத ஒரு இடத்தில், பம்பருக்குப் பின்னால் மறையும் பகுதி நல்லது, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கிளியரைத் தேய்த்தே தீர்த்துவிடுவது. தொடங்கும் முன் அளவு, நிறம் எட்டியதும் அளவு. வித்தியாசம்தான் அந்த இடத்தில் உள்ள கிளியர். அப்புறம் டச்சப் செய்துகொள்ளலாம். மனசு வராது, தெரியும். பானட் நடுவில் அதே காரியம் தானாக நடப்பதை விட இது தேவலை.

13 ஜூன்

வெள்ளை வண்டி என்பதை அன்றைக்கு யோசிக்காமல் எழுதிவிட்டேன், அதனால் இன்னொரு குறிப்பு.

நீலமோ சிவப்போ என்றால் வேலை சுலபம். கிளியரைத் தேய்க்கும்போது தண்ணீரோடு வழிவது வெள்ளைப் பால். அந்தப் பாலில் நிறம் கலந்தால் கிளியர் தீர்ந்தது என்று அர்த்தம், கையை எடுத்துவிடலாம். வெள்ளை வண்டியில் கிளியரின் பாலும் வெள்ளை, நிறத்தின் பாலும் வெள்ளை. எச்சரிக்கை மணி அடிக்கவே அடிக்காது. ஒரு கறுப்பு ரப்பர் துண்டால் வழித்துப் பார்த்தால் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். கிளியரின் பால் நீர்த்து, அடியில் உள்ள கறுப்பு மங்கலாகத் தெரியும்படி இருக்கும். வெள்ளைப் பெயிண்டின் பால் சுண்ணாம்பு பூசினது போல மூடிவிடும். ஆனால் ஓடுகிற தண்ணீரில், வெளிச்சம் சரியில்லாத ஷெட்டில், அதை நம்பிப் பானட்டைக் கொடுக்க மாட்டேன். வெள்ளை வண்டிக்காரர்களுக்குத்தான் மீட்டர் கட்டாயம்.

அந்த வெள்ளையின் கதையும் உங்கள் வீட்டுப் பக்கத்துக் கதைதான். பெயிண்டுக்கு வெள்ளையைக் கொடுப்பது டைட்டானியம் டையாக்சைடு. அதற்கு மூலம் இல்மனைட், மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுக்கும் அதே கருமணல். குளச்சலில் காற்று அடிக்கும்போது அது வண்டி மேலும் வந்து உட்காரும். அளக்கும் முன் துணியால் துடைத்துவிடுங்கள். மணல் துகள் ஒன்றே நூறு மைக்ரானுக்கு மேல் இருக்கும். மீட்டர் முனைக்கடியில் ஒன்று அகப்பட்டால் உங்கள் 180, 300 ஆகிவிடும். வெறுமனே துடைத்தால் கீறும், ஈரத் துணி.

17 ஜூன்

தம்பி அளவுகள் அனுப்பியிருக்கிறார். பானட் 176லிருந்து 188 வரை. கூரை 150க்குப் பக்கத்தில். டிரைவர் கதவின் மேல்பாதி 190, கீழ்பாதி 640. டிக்கி மூடியில் ஓரிடத்தில் மீட்டர் எண்ணே காட்டாமல் கையை விரித்துவிட்டது.

கூடவே ஒரு வரி: "கதவுல 640 இருக்கு, அங்க பயமில்லாம தேய்க்கலாம்."

அங்கேதான் பயப்பட வேண்டும். 190க்கும் 640க்கும் நடுவில் உள்ள 450 பட்டி. பட்டியின் மேல் அடித்த கிளியர் மற்ற இடத்தில் உள்ள அதே கிளியர்தான், கூடுதலாக ஒரு மைக்ரான் கிடையாது. இன்னொரு சங்கடமும் உண்டு. சாதாரண மீட்டர்களில் நூற்றுக்கு 3 வரை முன்னே பின்னே காட்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். 180ல் 3 சதவீதம் என்றால் 5 மைக்ரான் சொச்சம். 640ல் அது 19. நாம் எடுக்கப்போவதே 8, 10 மைக்ரான். அளவின் தடுமாற்றம் வேலையை விடப் பெரிசாக இருந்தால் அளந்து என்ன பிரயோஜனம்?

கூரை 150 என்பதுதான் எனக்குப் பிடித்த எண். கூரையில் அடிபடுவது குறைவு, பட்டியும் குறைவு. இந்த வண்டியில் பிரைமரும் நிறமும் கிளியரும் சேர்ந்தால் இவ்வளவு என்பதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் பானட்டின் கூடுதல் 30 எங்கே இருந்து வந்தது? ஒன்று, சர்பேசர் கூட. அல்லது மெல்லிசாகப் பட்டி இழுத்திருக்கிறார்கள். கிளியராகவும் இருக்கலாம், ஆனால் அந்த நம்பிக்கையில் பேப்பரை எடுக்க வேண்டாம்.

18 ஜூன்

பெயிண்டர் அண்ணனிடம் இந்த எண்களைக் காட்டினேன். தக்கலைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர், என் வண்டியை அடித்தவர். மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு மக்கா, கை இருக்குல்லா?" என்றார். பட்டறையில் நின்றிருந்த ஒரு பழைய ஜீப்பின் பக்கவாட்டில் விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனார். "இங்க பட்டி... இங்க இல்ல... இங்க கொஞ்சம்." பின்னாலேயே நான் மீட்டரை வைத்துக்கொண்டு போனேன். ஒன்று கூடத் தப்பவில்லை. "கொஞ்சம்" என்று சொன்ன இடத்தில் 310.

பட்டி விஷயத்தில் கை ஜெயித்தது, ஒப்புக்கொள்கிறேன். கிளியர் 50ஆ 25ஆ என்று தட்டிச் சொல்லுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே டீ சொன்னார்.

2 ஜூலை

வளைவும் விளிம்பும்.

சமதளத் தகட்டில் சுழியம் பார்த்துவிட்டு அம்பாசடரின் உருண்ட பெண்டரில் வைத்தால் மீட்டர் கூட்டித்தான் காட்டும். வளைவு அதிகமாக ஆக, பொய்யும் அதிகமாகும். அதனால்தான் ஆக்கர் கடைத் துண்டைப் பற்றிச் சொன்னேன். அதே வளைவுள்ள வெறும் தகடு ஒன்று கையில் இருந்தால் அதில் வைத்துச் சுழியம் பார்த்துக்கொள்ளலாம். மீட்டரோடு வரும் பிளாஸ்டிக் தாள்களில் ஒன்றை வெறும் தகட்டின் மேல் வைத்து, தாளில் எழுதியிருக்கும் எண் வருகிறதா என்றும் பாருங்கள்.

விளிம்பில் மீட்டர் தடுமாறும். ஒரு அங்குலமாவது உள்ளே தள்ளி வைத்தால்தான் சொல்லுக்கு மதிப்பு. ஆனால் கிளியர் மெலிந்திருப்பதே விளிம்பில்தான்! ஈரமாக இருக்கும்போது பெயிண்ட் விளிம்பை விட்டு விலகி உள்ளே வாங்கிக்கொள்ளும். பானட்டின் நடுவில் ஓடும் மேடு, கதவின் ஓரம், விளக்குச் சட்டத்தைச் சுற்றியுள்ள உதடு, எல்லாமே அப்படி. அளக்க முடியாத இடத்திலேயே ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. மருந்து ஒன்றுதான்: மாஸ்கிங் டேப் ஒட்டி மூடிவிட்டு நடுவில் வேலை பார்ப்பது. கடைசியில் டேப்பை உரித்துவிட்டு, ஓரங்களுக்கு 3000ஐ வெறும் விரலால் ஒன்றிரண்டு இழுப்பு. மேட்டில் கொஞ்சம் ஆரஞ்ச் பீல் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

3 ஜூலை

640 கதவைப் பற்றி 17ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். 3 சதவீதம் என்பது மீட்டர் சொல்வதற்கும் உண்மைக்கும் உள்ள தூரம். அதே மீட்டரை அதே புள்ளியில் திரும்பத் திரும்ப வைத்தால் வரும் எண்கள் அவ்வளவு அலையாது. நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும் என்பதால், 640லும் முன்பின் கணக்கு ஓரளவு பார்க்கலாம்.

பார்க்கலாம்தான், "அதே புள்ளி" கிடைத்தால். பட்டியின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். முனை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் எண் 15, 20 தாவும். அட்டையில் முனை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, அட்டையின் இரண்டு ஓரங்களைக் கதவுக் கைப்பிடிக்கும் பீடிங்குக்கும் பொருத்தி வைத்துப் பார்த்தேன். அலைச்சல் பாதியாகக் குறைந்தது. பட்டி இல்லாத இடத்தில் இந்த அட்டையோடு அஞ்சு தடவை வைத்துச் சராசரி எடுத்தால் ஒரு மைக்ரான் வித்தியாசத்தைக் கூட நம்பலாம். பட்டி மேல் நம்பமாட்டேன்.

21 ஜூலை

மழை. ஒன்றும் நடக்கவில்லை.

தம்பிக்கு ஒரு வார்த்தை. நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ஈரக்காற்றில் ஹீட்டர் இல்லாத பட்டறையில் அடித்த கிளியர், தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். உள்ளே தின்னர் இன்னும் இருக்கும். அது வெளியேற வெளியேற படலம் சுருங்கும். முன்பு எடுத்த 180ஐ இப்போது மறுபடி எடுங்கள், சில மைக்ரான் குறைந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். குறையாமல் நிற்கும் வரை தேய்க்கும் பேச்சு வேண்டாம். தேய்த்து பாலிஷ் போட்ட பிறகு சுருங்கினால் அடியில் உள்ள சர்பேசர் கோடுகள் மேலே எட்டிப் பார்க்கும், போட்ட வேலை போச்சு.

எங்காவது ஒரே இடத்தில் மட்டும் எண் ஏறிக்கொண்டே போனால் அது வேறு சமாச்சாரம். அடியில் துரு கிளம்புகிறது. உப்புக்காற்று ஊரில் தகட்டை நன்றாகக் கழுவாமல் பிரைமர் அடித்தால் இது நடக்கும்.

11 ஆகஸ்ட்

வெயில் வந்தது. என் பத்மினியின் பானட்டைத் தொடங்கினேன்.

பேப்பரை முந்தின இரவே தண்ணீரில் ஊறப் போட்டேன். கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, சோப்பு ஒரு சொட்டு. வண்டி நிழலில்; வெயிலில் நின்ற தகடு சுடும், கிளியர் இளகும், பேப்பர் அடைத்துக்கொள்ளும். பானட்டை டேப்பால் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளியை அட்டையால் குறித்து அளந்தேன். முதல் கட்டம் 204.

1500, ரப்பர் கட்டையில் சுற்றி, நேர்க்கோட்டில். முதலில் மேடுகள் மட்டும் மங்கும். பள்ளங்கள் பளபளவென்று புள்ளி புள்ளியாக நிற்கும். அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே தேய்க்க வேண்டும். தண்ணீரை வழித்து, துடைத்து, சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. புள்ளிகள் முக்கால்வாசி போனதும் நிறுத்தி அளந்தேன்: 198. மிச்சம் உள்ள ஆழமான புள்ளிகளை விரட்டினால் இன்னும் 5, 6 போகும் என்று கணக்குப் போட்டு விட்டுவிட்டேன். 2000 போட்டதும் 197. 3000க்கு எண் அசையவில்லை. காம்பவுண்டும் (பேப்பர் கீறலை எடுக்கும் பசை) பாலிஷும் முடிந்த பிறகு 195.

மொத்தம் 9 போயிற்று. தகட்டுக் கணக்கில் இருந்த 58ல் 49 மிச்சம். காம்பவுண்ட் தின்ற இரண்டையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். வாட்டர் பேப்பரோடு அளப்பதை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அடுத்த வருஷமும் பாலிஷ் போடுவோம், அதுவும் இந்தக் கணக்கில்தான் கழியும்.

மூன்றாவது கட்டத்தில் ஒரு கொசு கிளியருக்குள் சமாதியாகக் கிடக்கிறது. அதைத் தோண்டப் போவதில்லை.

12 ஆகஸ்ட்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு வீட்டில் கேட்டார்கள்: "இவ்வளவு பாடுபட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்குகிறீர்களே, புதிதாக வந்தபோது இந்த வண்டி இப்படியா இருந்தது?"

இல்லை. மும்பை குர்லா தொழிற்சாலையிலிருந்து வந்த பத்மினியோ கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசடரோ அந்தக் காலத்தில் கண்ணாடியாக வரவில்லை. ஒரே பெயிண்ட், அதிலேயே நிறமும் பளபளப்பும், கூடவே கொஞ்சம் ஆரஞ்ச் பீல். இன்றைக்குப் பழைய வண்டிக் கண்காட்சியில் நிற்கிற பாதி வண்டிகள், பிறந்தபோது இல்லாத அழகோடு நிற்கின்றன. எனக்குப் பிடித்திருக்கிறது, செய்கிறேன். ஆனால் தம்பி, உங்கள் பாட்டா வண்டி வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி வேண்டும் என்றால், நீங்கள் பேப்பரே எடுக்காமல் வெறும் பாலிஷோடு நிறுத்தலாம். எண்ணும் அவ்வளவாகக் குறையாது.

ஒரே பெயிண்ட் அடித்த வண்டியில் வாட்டர் பேப்பர் போட்டால் துணியில் நிறம் வரும், அது இயல்பு; பதற வேண்டாம். அங்கே மீதி நிறம் எவ்வளவு என்பதே கணக்கு. எழுபதுகளின் பெயிண்ட் இன்னும் வண்டியில் இருக்கிறது என்றால் அதில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காதீர்கள், ஈரத்தில் தேய்த்து, அந்தப் பாலை முற்றத்தில் ஊற்றாமல் துணியில் துடைத்து அப்புறப்படுத்துங்கள். கோழி மேயும் முற்றமென்றால் இன்னும் கவனம்.

15 செப்டம்பர்

தம்பி எழுதியிருக்கிறார். பம்பருக்குப் பின்னால் தேய்த்துப் பார்த்ததில் கிளியர் 44. கறுப்பு ரப்பரால் வழித்து, மீட்டரும் பார்த்து, நிறம் எட்டியதாகத் தோன்றிய இடத்தில் நிறுத்தியிருக்கிறார். பானட்டில் இன்னும் குறைவாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, காம்பவுண்டையும் சேர்த்து 8க்கு மேல் போக மாட்டாராம். 1500ஐ ஒதுக்கிவிட்டு 2000லேயே தொடங்குகிறார். நேரம் பிடிக்கும், கை வலிக்கும். எனக்குச் சரியாகத்தான் படுகிறது. கதவின் கீழ்பாதியைத் தொடவில்லை, வெறும் பாலிஷ்.

டிக்கி மூடியைப் பற்றித் திரும்பக் கேட்டிருந்தார். பெயிண்டரிடம் விசாரித்தாராம், துருப்பிடித்த ஓட்டையைத் தகடு வைக்காமல் பைபர் துணியும் ரெசினும் போட்டு அடைத்திருக்கிறார்கள், உள்பக்கம் கறுப்பு அடித்து மறைத்து. முனைக்கு அடியில் இரும்பே இல்லாத இடத்தில் காந்த மீட்டர் என்ன சொல்லும்? அந்த இடத்தை விட்டுவிட்டு மூடியின் மற்ற பாகத்தைத் தேய்த்தால் இரண்டும் இரண்டு விதமாகத் தெரியும். எனவே மூடி முழுசையும் விட்டுவிடுங்கள். அடுத்த கோடையில் அந்தத் துண்டை வெட்டித் தகடு வைக்கும்போது எப்படியும் பெயிண்ட் புதிதாக அடிக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் ஒரு தகட்டுத் துண்டை ஒட்டிவைக்க அப்போது மறக்காதீர்கள்.